மூன்றாவது குழாய் சீறவில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில், எங்கள் சின்னப் பட்டறையின் வாசலில் அது தாராளமாகவே வந்தது.

தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு குட்டி விமானம் உண்டு. அதன் பராமரிப்பு வேலையை முடித்துவிட்டு என்ஜினை ஓட்டிப் பார்த்தோம். அதற்குத் தீப்பொறி தர வலது, இடது என இரண்டு மேக்னெட்டோக்கள். ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்றும். ஆகவே ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். வலதில் சமர்த்தாக ஓடியது. இடதுக்கு மாற்றியதும் குலுக்கிய குலுக்கலில் பாயின் மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

"டைமிங் தப்பும்மா" என்றார் பாஸ், விமானத்தைவிட்டு இறங்குவதற்கு முன்பே.

இடது மேக்னெட்டோ எந்தக் கணத்தில் பொறி விட வேண்டும் என்று டைமிங் வைத்தவள் நான். அந்தப் பொறியைச் சிலிண்டருக்குள் விடும் பிளக்குகளை மாட்டியவர் அவர். அந்த வேலையை யாருக்கும் விடமாட்டார். 'இது பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடைத்தபின் எனக்கு வந்த முதல் விமானம் அது.

"இப்படின்னா உன் கையெழுத்த கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கணும் லா. தப்பா எடுத்துக்காத."

பாய்க்கு முன்னாலேயே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருடம் கிரீஸில் புரண்டு வாங்கிய அதிகாரம், ஒரு குலுக்கலில் போவதா?

"டைமிங் போச்சுன்னா நாலு சிலிண்டரும் சேர்ந்து சோர்ந்து போகும் பாஸ். இது நொண்டுது. ஏதோ ஒண்ணுதான் எரியல."

"மேக்னெட்டோவ கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிடலாம். எதுக்கு வம்பு?"

"அனுப்புங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு ஓட்டம் குடுங்க."

பாய் நடுவில் புகுந்தார். "குடுங்களேன் பாஸ். எனக்கு அவசரமில்ல, கடைய மச்சான் பாத்துக்கிறார்."

என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு இடது மேக்னெட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தினேன். மூடியைத் திறந்து, தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் சிலிண்டருக்கு ஒன்றான நான்கு புகைக்குழாய்களின் மேலும் தண்ணீர் தெளித்தேன். முதலாவது சுர்ரென்று சீறியது. இரண்டாவதும் சீறியது. மூன்றாவதில் தண்ணீர் சும்மா வழிந்து இறங்கியது. நான்காவது மறுபடி சீறியது. மற்ற மூன்றும் ஒழுங்காக எரியும்போது டைமிங்கை எப்படிக் குறை சொல்வது? எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம் கத்தியும்விட்டேன்.

மூன்றாவது சிலிண்டரின் இரண்டு பிளக்குகளில் இடது மேக்னெட்டோவுக்கு உரியதிலிருந்து ஒயரைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஒயர் செருகும் குழிக்குள் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்!

முந்தின நாள் ஆயுத பூஜை. பாஸ் பயபக்தியோடு ஸ்பானர், திருப்புளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, தட்டில் தயாராக இருந்த பிளக்குகளில் ஒன்றுக்கும் வைத்திருக்கிறார். குழைத்த சந்தனம் குழிக்குள் வழிந்துவிட்டது. மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே கசிந்து போயிருக்கிறது. பிளக் குழியில் விரல்கூடப் படக்கூடாது என்று எங்களை விரட்டுகிற மனிதர் அவர். ஊருக்குத்தான் உபதேசம்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிளக்கை அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்தார். காது சிவந்துபோயிற்று.

"நான் வச்ச பொட்டுதான்" என்றார். பிறகு பாயின் பக்கம் திரும்பி, அவர் கேட்காமலேயே உரக்கச் சொன்னார்: "தப்பு என்னுது பாய். இவங்க டைமிங் பக்காவா இருக்கு."

ஒயர் முனையைத் துடைத்து, புதுப் பிளக்கை மாட்டினேன். இந்த முறை இடதுக்கு மாற்றியபோது என்ஜின் லேசாகக் குரலைத் தாழ்த்தியது, அவ்வளவுதான். ஒரு நடுக்கமும் இல்லை. நான் விமானத்தின் கட்டுப்பாட்டுப் பிடியைப் பிடித்துக்கொண்டு பைத்தியம்போல் சிரித்தேன்.

"அப்ப கையெழுத்து யாரு போடுறது?" பாய் கேட்டார்.

"வேற யாரு? அவங்கதான்" என்றார் பாஸ்.

போட்டேன். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, அப்பா பெயரையும் சேர்த்து, முழுப் பெயராகவே போட்டேன்.