பெட்ரோல் டேப்

நைனாவின் பழைய பைக் இரண்டு நிமிடம் ஓடி அணைந்தது. திருப்பதி வீட்டு வாசலில் உட்கார்ந்து, முதல்முறையாக நானே பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். மறுபடியும் அணைந்தது. விரல்களை முகர்ந்தேன். பெட்ரோல்.

அந்த வாசனையில் புத்தூர் காலைகள் மிதந்து வந்தன. ராத்திரியில் பெட்ரோல் ஒழுகிவிடும் என்று, டேங்குக்கு அடியிலிருக்கும் டேப்பை நைனா தினமும் மூடிவைப்பார். காலையில் திறக்க மறப்பார். தெருமுனையில் வண்டிச் சத்தம் நின்றதும், வெங்காயம் வதக்கிய கரண்டியோடு அம்மா ஜன்னலுக்கு வருவாள்.

"டேப்பைத் தொறக்காமலே போய்க்கினு கீறாரு. ஓடிப்போய் சொல்லுடி!"

வெறுங்காலோடு ஓடுவேன். நைனா அங்கே பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருப்பார்.

குனிந்து பார்த்தேன். டேப் மூடியிருந்தது. நைனா இறந்து ஒரு வருஷமாகிறது. நேற்று சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அதை மூடியது என் கைதான்.