காலுக்குக் கீழே என்ன தெரிகிறது

அலுவலகத்தில் அவளுக்கு எதிரில் ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் ‘தாடை’. கொஞ்சம் நீளமாகப் பேசினால் இடது காதுக்குக் கீழே ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். புதிதாகச் சேருகிறவர்கள் பேனாவைத் தட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டுக்குப் போய் உயிரோடு விளையாடுகிறவர்களுக்கான பயணக் காப்பீட்டு நிறுவனம் அது. அதன் அவசர உதவி மேசையில் அவளுக்கு வேலை. பனிச்சறுக்கில் தொடை எலும்பு தோலைக் கிழித்து எட்டிப் பார்த்தவன், காட்டாற்றில் படகு கவிழ்ந்து பாறைக்கு முகத்தைக் கொடுத்தவள், பாலத்திலிருந்து கயிற்றோடு குதித்துக் கண்ணுக்குள் ரத்தம் கட்டியவன் எல்லோரும் அவள் காதுக்குள் வந்துதான் அலறுவார்கள். அலறுகிறவனைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. அலறிக்கொண்டிருந்தவன் தெம்பு போய்த் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் நாற்காலி நுனிக்கு வருவாள்.

அந்த மேசையில் முதல் கேள்வி, “என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?” என்பதுதான். ‘எங்கே இருக்கிறீர்கள்’ அதற்குப் பிறகு. செய்த காரியம் பாலிசியில் இருந்தால்தான் ஹெலிகாப்டர் கிளம்பும். மலையில் நடப்பது எல்லாப் பாலிசியிலும் உண்டு. பாராசூட்டோடு பாறை உச்சியிலிருந்து குதிப்பது எதிலும் கிடையாது. அதனால் அந்த மேசைக்குத் தெரிந்த உலகத்தில் யாருமே குதித்ததில்லை. எல்லோரும் நடந்தார்கள், வழுக்கினார்கள், விழுந்தார்கள்.

“நம்ம கஸ்டமருங்க மாதிரி வழுக்கறவங்க எங்கயுமே இல்லக்கா. செருப்புக் கம்பெனி மேல கேஸ் போடலாம்” என்பான் பக்கத்து மேசைக்காரன்.

அவள் சிரிக்கமாட்டாள். அந்த வார்த்தையை அவளும் ஒருமுறை சொன்னவள். புருஷன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, சமையல் மேடையின் விளிம்பில் முகத்தை மோதினான். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் மோதினான். ஆஸ்பத்திரியில் அதே கை அவள் தோளில் பாசமாகக் கிடந்தது. “மாடிப்படியில வழுக்கிட்டேன் டாக்டர்” என்றாள். டாக்டர் படியில் விழுந்தவளுக்குப் பார்ப்பதுபோலவே இடுப்பையும் மணிக்கட்டையும் படம் எடுத்தார். முகத்து வீக்கத்துக்குக் களிம்பு கொடுத்தார். உடைந்த தாடை தன் இஷ்டத்துக்குக் கோணலாகச் சேர்ந்துகொண்டது. அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது. அடுத்த தடவை அவன் கை ஓங்கியபோது காய் நறுக்கும் பலகையைத் திருப்பிப் பிடித்து அந்தக் கையிலேயே போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். வழுக்கிவிட்டதாகத்தான் அவனும் ஆஸ்பத்திரியில் சொன்னானாம்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவி வைத்த நேரத்தில் அழைப்பு வந்தது. இளவட்டக் குரல், அதைச் சுற்றி ஒரே காற்று.

“மேடம், என் ஃப்ரெண்டு விழுந்துட்டான். ரத்தம்... நிக்கவே மாட்டேங்குது.”

“என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?”

“நடந்துட்டு இருந்தோம். மலைப் பாதையில. வழுக்கிட்டான்.”

பாதையில் விழுந்தவனுக்கு நடந்து போகும் மீட்புக் குழு. விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போதுதான் காற்றுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. புயலில் கொடியில் கிடக்கும் போர்வைபோல ஏதோ துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கூடவே ஓர் ஓலம். அது கிட்டே வந்தது, தூரம் போனது, மறுபடி கிட்டே வந்தது. தரையில் கிடப்பவனின் குரல் இப்படி ஊஞ்சலாடாது.

‘பொய் சொல்கிறாய்’ என்றால் போனை வைத்துவிடுவான். போன வருஷம் அப்படி வைத்த ஒருவனின் தங்கையைப் பிணமாகத்தான் கீழே இறக்கினார்கள்.

“தம்பி, எப்படி விழுந்தார்னு நான் கேக்கல. அவர் காலுக்குக் கீழ என்ன தெரியுது?”

துணி இன்னும் வேகமாக அடித்துக்கொண்டது.

“தம்பி?”

“ஒண்ணும் இல்ல மேடம்.” குரல் உடைந்தது. “கீழ ஒண்ணுமே இல்ல.”

“மேல?”

“துணி. பாறையில மாட்டியிருக்கு. கிழியுது. காத்து அவனைத் தூக்கித் தூக்கிப் பாறையில அடிக்குதுக்கா. முழங்காலுக்குக் கீழ கால் தனியா ஆடுது.”

“இடுப்பு பெல்ட்டை உருவித் தொடையில இறுக்கச் சொல்லுங்க. கத்துவார். கத்தட்டும், விடாம இழுக்கச் சொல்லுங்க.”

அவன் கீழே பார்த்துக் கூவினான். கீழேயிருந்து வந்த சத்தத்தில் மனிதத்தனம் இல்லை. அவள் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

“அக்கா, குதிச்சான்னு நான் சொல்லல. ரெக்கார்டுல இருக்கும்ல?”

“நீங்க சொல்லல. நானும் கேக்கல.”

தன் இடத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் எழுந்து வந்து மேசையை அறைந்தார். “நடந்து போனவன் எப்படிம்மா அந்தரத்துல தொங்குவான்? என்ன செஞ்சான்னு கேட்டுட்டு அனுப்பு!”

“கேட்டு முடிக்கறவரைக்கும் துணி தாங்காது சார்.”

பையனிடம் இடத்தைக் கேட்டு வாங்கி, மீட்பு நிலையத்துக்கு அவளே சொன்னாள்: செங்குத்துப் பாறை, ஆள் தொங்குகிறார், கயிறு இறக்கித் தூக்க வேண்டும். ஹெலிகாப்டர் இரைச்சல் காதில் விழும்வரை அந்தப் பையனைப் பேச வைத்துக்கொண்டிருந்தாள். கொக்கி மாட்டியபோது துணி நடுவில் இரண்டாகக் கிழிந்தது அவளுக்கும் கேட்டது.

மீட்புக்காரர்கள் எடுத்த படங்களில் பாராசூட் பளிச்சென்று இருந்தது. பாலிசி செல்லாது என்று நிறுவனம் கையை விரித்தது. மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்திக் கத்தினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார். அடுத்த வாரம் அந்தப் பையன் கூப்பிட்டான். இப்போது அவன் குரலில் நடுக்கம் இல்லை, வெறிதான் இருந்தது.

“எல்லாம் உன்னாலதான்! நீ பாட்டுக்கு நடக்கறவங்களை அனுப்பியிருந்தா பாலிசிப் பணம் வந்திருக்கும். ஊருக்கு வந்து உன் வாயை உடைக்கறேன் பாரு!”

“அது ஏற்கெனவே உடைஞ்சதுதான் தம்பி” என்றாள். டக். “அவர் எப்படி இருக்கார்?”

அவன் குரல் இறங்கியது.

“காலை எடுத்துட்டாங்க.”

“ஆளு?”

“இங்கதான் கெடக்கான். கட்டு மாத்த வந்த நர்ஸைத் திட்டிட்டு இருக்கான்.”

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். அதே தொண்டைதான், காது கூசும் வசவு. ஆனால் அது கிட்டே வந்து தூரம் போகவில்லை. ஒரே இடத்திலிருந்து வந்தது.

“திட்டட்டும்” என்றாள்.