கறள் பிடிக்காத எங்கள் ஆணி

வெள்ளவத்தையில் நானும் வசந்தியும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். அவள் வீட்டுப் பல்கனி கடலைப் பார்க்கும். எங்களுடையது பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கும். அந்த எரிச்சல் எனக்கு முன்பே உண்டு.

எங்கள் மகள்மார் இருவரும் நான்காம் தரத்தில் ஒரே வகுப்பு. பல்கனியில் இரும்பாணி ஒன்றை வைத்து, அது துருவேறிக் கறள் பிடிப்பதைப் பார்த்து எழுதும்படி ஆய்வு கொடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் வசந்தி வீட்டு ஆணி செம்மண்ணில் உருட்டி எடுத்ததுபோல் ஆகிவிட்டது. எங்களுடையது கடையில் வாங்கியபடியே மினுங்கியது. கடல் காற்றுக்குக்கூட அவள் வீடுதான் பிடித்திருக்கிறது!

எனக்குப் பொறுக்கவில்லை. மகள் குளிக்கும் நேரம் பார்த்து உப்புத்தண்ணீர் தெளிக்கத் தொடங்கினேன்.

பெற்றோர் முன்னால் ஆய்வை விளக்கும் நாள் வந்தது. வசந்தி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

என் மகள் எழுந்து, "எங்கட வீட்டுக்குக் கடல்காத்து வாறதில்ல, டீச்சர். அம்மா எனக்குத் தெரியாதெண்டு நினைச்சு உப்புத்தண்ணி தெளிச்சவ. பிறகுதான் கறள் பிடிச்சது," என்றாள்.

நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். டீச்சரோ, "அப்ப உப்பு பட்டா கறள் கெதியாப் பிடிக்குமெண்டு கண்டுபிடிச்சிட்டீங்கள்!" என்று கைதட்டினார். தப்பினேன் என்று மூச்சுவிட்டேன்.

வசந்தி காதருகே குனிந்தாள். "அக்கா, அடுத்தமுறை எங்கட பல்கனியில கொண்டுவந்து வையுங்கோ."

இப்போது மழைநீரை அளக்கும் ஆய்வு நடக்கிறது. மகளின் போத்தலை நான் தொடுவதேயில்லை. மழையாவது எல்லா வீட்டுக்கும் ஒரேமாதிரிப் பெய்யும் என்று நினைத்திருந்தேன். சாரலும் வசந்தியின் பல்கனிக்குத்தான் அடிக்கிறது.