ஏரிக்குள் கோ-கோ ஆடிய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மற்றவர்கள் அக்காவோடு சேர்ந்து ஓடியவர்கள். அக்கா ஒரு ஆட்டக்காரி என்பது சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரியாது. அவர் பட்ட பாடு அவரோடு ஆடியவர்களுக்குத் தெரியாது. அவர் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இரண்டையும் கூட இருந்து பார்த்த தம்பி என்பதால், எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரில், நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையை ஒட்டிய ஓட்டு வீட்டில் அக்கா பிறந்தார். உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது கோ-கோ அணியில் சேர்ந்தார். ஆளுக்கொரு பக்கம் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரின் முதுகைத் தட்டி ‘கோ’ என்றால், அவர் எழுந்து எதிரணியைத் துரத்தித் தொட வேண்டும். அக்கா எழுந்திருக்கும் வேகத்தைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். மாவட்ட அணித் தேர்வுக்கு விழுப்புரம் போனார், தேர்வும் ஆனார். ஆனால் ஆடப் போகவில்லை. அதற்குள் அப்பா கல்யாணம் பேசி முடித்திருந்தார்.

“ஓடுனது போதும்மா. நல்ல எடம் வந்திருக்குது” என்றார் அப்பா.

 பள்ளியில் கொடுத்த சீருடையை அக்கா துவைத்து, மடித்து, மறுநாள் தானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு பல வருடங்கள் அவர் வாயில் கோ-கோ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

கண்டமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டார். அவர் கணவர், எங்கள் மாமா, கொத்தனார்; தங்கமான மனிதர். மகள் யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது மாமா சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. அதற்குப் பின் அவரால் பாரம் தூக்க முடியவில்லை. அக்கா புதுச்சேரியில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். விடிந்ததும் பஸ், இருட்டியதும் பஸ். இடையில் மாமாவுக்கு மருந்து, யாழினிக்குப் பள்ளி, மாமனாருக்குச் சமையல். முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஊர் ஏரி. வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம். கல்யாண மண்டபத்துக் குப்பை, பிளாஸ்டிக் கப்பு, உடைந்த சாராய பாட்டில் எல்லாம் வந்து சேரும் இடமும் அதுதான். ஒரு நாள் ஓடி விளையாடிய யாழினியின் உள்ளங்காலை பாட்டில் கண்ணாடி கிழித்துவிட்டது. தையல் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அக்காவின் மாமனார் கண்டிப்பாகச் சொன்னார்.

“இனிமே யாரும் ஏரிக்குள்ள காலு வெக்கக் கூடாது.”

“நம்ம புள்ளைங்க காலு வெக்கலன்னா, ஏரிய யாருக்கு வுட்றது மாமா?” என்று அக்கா கேட்டார். மாமனாரை எதிர்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். கூட வந்தவர் தையல் கம்பெனித் தோழி ஷமீம் மட்டும்தான். கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். சாக்கு நிறையும்வரை கண்ணாடி பொறுக்கினார்கள். பொறுக்கி முடித்த இடத்தில் அக்கா காலால் கோடு கிழித்து, வேடிக்கை பார்த்த பிள்ளைகளை உட்கார வைத்து ‘கோ’ சொல்லிக் கொடுத்தார்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் குப்பை, பிறகு ஆட்டம். நாளடைவில் பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்கள் வந்தார்கள். ஒவ்வொரு அணியிலும் பள்ளிப் பிள்ளையும் இருக்க வேண்டும், பேரன் பேத்தி எடுத்தவரும் இருக்க வேண்டும் என்பது அக்கா வைத்த சட்டம். ஓட முடியாத பெரியவர்கள் இரண்டு முனையிலும் கம்பத்துக்குப் பதிலாக நின்றார்கள். மூச்சு வாங்கும் நேரத்தில் அந்தப் பெரியவர்கள்தான், தண்ணீர் எந்த வழியாக ஏரிக்கு வரும் என்று பிள்ளைகளுக்குக் கை காட்டினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் வாய்க்கால் இல்லை. பிளாஸ்டிக் மேடு இருந்தது. அடுத்த பல ஞாயிறுகள் அதைத் தோண்டுவதில் போயின.

மாமனார் மட்டும் இறங்கி வரவில்லை. மருமகள் ஊர் பார்க்க ஓடுவதில் அவருக்குச் சம்மதமில்லை. ஆனாலும் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அக்கா அவுட்டா இல்லையா என்று தகராறு வந்து ஆட்டமே நின்றுபோனது. மேலேயிருந்து குரல் வந்தது.

“தொட்டுச்சும்மா. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். நீ அவுட்டு.”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்று பார்த்தேன். அடுத்த வாரமே யாழினி தாத்தாவுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு லாரி வர ஆரம்பித்தது. எங்கிருந்தோ கழிவைக் கொண்டுவந்து ஏரியின் மறுகோடியில் கொட்டினார்கள். மனு கொடுத்தும் நிற்கவில்லை. ஒரு ஞாயிறு காலை லாரி இறங்கும் தடத்துக்குக் குறுக்கே அக்கா கோடு போட்டார். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். லாரி வந்து நின்றது.

“எழுந்து வழி வுடுங்கம்மா, ஜல்தியா போவணும்” என்றார் டிரைவர்.

“ஆட்டம் நடக்குதுங்க. முடிஞ்சதும் போங்க” என்றார் அக்கா.

“எப்ப முடியும்?”

“தெரியலீங்க. வயசானவங்கல்லாம் ஆடுறாங்க, கொஞ்சம் மெதுவாதான் ஆடுவோம்.”

மாமனார் விசில் ஊதினார். டிரைவர் இறங்கி, ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் இன்றும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அறிமுகமில்லாத சிலர் வீட்டுக்கு வந்து மாமாவை மிரட்டிவிட்டுப் போனது பலருக்குத் தெரியாது. அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். “பயமாதான் இருக்குது தம்பி. யாழினி கிட்ட மட்டும் சொல்லிடாத” என்றார். அந்தப் பயத்தோடுதான் அடுத்த ஞாயிறும் ஏரிக்குப் போனார். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு லாரி வருவது நின்றது.

அந்தக் கோடையில் ஒரு ஆட்டத்தின்போது யாழினி அம்மாவின் முதுகைத் தட்டி ‘கோ’ சொன்னாள். அக்கா எழவில்லை. விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்து யாழினி மறுபடியும் தட்டியிருக்கிறாள். அக்கா தரையில் கை ஊன்றி, “முடியலடி” என்றாராம்.

இரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். பல நாளாகவே காய்ச்சலும் அசதியும் இருந்திருக்கின்றன. வேலைக்கு லீவு போட முடியாது என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். புதுச்சேரி மருத்துவமனையில் மாதக் கணக்கில் வைத்தியம் நடந்தது. முடி கொட்டியது. எலும்பும் தோலுமாகப் படுத்திருந்த நிலையிலும், போகிறவர்களிடம் எல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: “இந்த வாரம் ஆடுனீங்களா?”

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தோண்டிய வாய்க்காலில் தண்ணீர் வந்தது. எங்களுக்கு நினைவு தெரிந்து நிரம்பாத அந்த ஏரி கரை தொட்டு நின்றது. டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அக்காவைக் காரில் கூட்டிவந்தோம். யாழினியும் ஷமீமும் இரு பக்கமும் தாங்கிக் கரைமேல் உட்கார வைத்தார்கள். கோடு போட்ட இடம், கம்பம் நின்ற இடம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் தண்ணீர்.

“இனிமே எங்க ஆடுவீங்க?” என்றார் அக்கா.

“தண்ணி வத்தட்டும்மா. நீயும் எழுந்து வந்துடுவ, ஆடலாம்” என்றார் மாமனார்.

“வத்த வேணாம் மாமா. வேற எடம் பாருங்க.”

பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பொங்கலுக்கு முன்பே அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார். காரியம் முடிந்ததும் மாமனார் கரையை ஒட்டிய தன் கரம்பு நிலத்தைச் சமன்படுத்தி மைதானமாக விட்டிருக்கிறார். அங்கே இப்போதும் ஆட்டம் நடக்கிறது. யாழினி வந்து வரிசையில் உட்காருகிறாள். அவள் சத்தமாக ‘கோ’ சொல்லி இந்த ஓராண்டில் யாரும் கேட்கவில்லை. மெதுவாகத் தோளைத் தொடுகிறாள். அதுவே போதுமென்று மற்றவர்களும் எழுந்து ஓடுகிறார்கள்.

அக்காவுக்கு இரத்தம் தேவைப்பட்ட போதெல்லாம் விளையாட்டுப் பனியனோடு பஸ் ஏறி வந்து கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கண்விழித்த ஷமீமுக்கும், வலியைக் குறைத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியத்துக்கு வந்து துணை நின்ற அனந்தபுரம் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. தன் உடல்வலியை மறந்து அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கு நன்றி சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை.

எங்கள் அம்மாவுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. ஏரி நிறைந்து நிற்பதை அவர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. இந்த நினைவு நாளுக்காவது வாங்க என்று கூப்பிட்டேன்.

“எம்பொண்ணு இல்லாத ஊருல எனக்கு இன்னா வேலைடா?” என்றார்.