இரண்டு பேர், ஒரு நாய், மழை

எங்கள் வீட்டில் இப்போது நேரம் காட்டும் பொருட்கள் பதினொன்று. அவற்றில் நான்கு தாமாகவே மாறிக்கொள்கின்றன. மீதி ஏழையும், இங்கிலாந்தில் குளிர்காலத்துக்கென்று நேரம் மாறும் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு காலையில், நான்தான் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். மைக்ரோவேவ் மட்டும் மூன்று வருடமாக எனக்கு அடங்கவில்லை. "விடுங்கோ அப்பா, சம்மருக்கு நேரம் திரும்ப மாறேக்க அது தானாச் சரியா வரும்தானே" என்று மகள் சிரிக்கிறாள். என்னால் அப்படி விட முடியாது. திருப்பக்கூடாத ஒரு மணிக்கூட்டை ஒருமுறை திருப்பியவன் நான்.

சின்ன வயதில், லண்டன் சவுத்தாலில் நாங்கள் இருந்த வீட்டில் மாடிக்குப் பதின்மூன்று படிகள். மேல் அறையில் பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த அரசியல்வாதி ஒருவர் வாடகைக்கு இருந்தார். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை, தங்கள் மொழியில் மகன் என்று பொருள்பட, பேட்டா என்பார். மற்றபடி எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலம். தன் வாழ்க்கையை நான் விரல்விட்டு எண்ணும்படி சொல்லித் தந்திருந்தார்: ஐந்து தேர்தல், மூன்று வெற்றி, கால்வாய்களுக்குப் பதினான்கு மாத மந்திரி, இரண்டு சிறை. மந்திரிப் பதவியைச் சொல்லும்போது குரல் தாழும், சிறையைச் சொல்லும்போது உயரும். எனக்கு அது தலைகீழாகப் பட்டது.

கட்டிலின் கீழ் இருந்த பெட்டியை அவர் பிரித்ததே இல்லை. மேசை மணிக்கூட்டில் பாகிஸ்தான் நேரம்தான் ஓடும். "அங்கே எத்தனை மணியோ, எனக்கும் அதுதான் மணி" என்பார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம் அங்கே தேர்தல் வந்தது. அவருடைய ஊர்ச் சதுக்கத்தில் கூட்டம் போட்டு, தொலைபேசியை ஒலிபெருக்கிக்கு முன் பிடிப்பதாகவும், அவர் லண்டனிலிருந்தே பேச வேண்டும் என்றும் கட்சிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அவர் பெயரைச் சொன்னால் இன்னும் ஆட்கள் வருவார்களானால் தொகுதி அவருக்கு. அவர் ஊருக்குத் திரும்பலாம். இல்லையென்றால் வேறொருவருக்கு. கூட்டம் ஞாயிறு மாலை, அவர்கள் நேரம் ஐந்து மணி. எங்கள் தொலைபேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தார். இரண்டு வாரம் மாடிப்படியில் நின்று பேசிப் பழகினார். கீழ்ப்படியில் இருந்து நான் நேரம் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு தடவையும் முடிவில், "ஆட்கள் வருவார்களா, பேட்டா?" என்று கேட்பார். பத்து வயதுப் பையனிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த ஞாயிறுதான் நேரம் மாறும் ஞாயிறு. விமானநிலைய வேலைக்குப் புறப்பட்ட அப்பா, "வீட்டில இருக்கிற எல்லா மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிடு. ஒண்டும் விடுபடக் கூடாது" என்றார். நான் எண்ணினேன். கீழே ஆறு, மேலே ஒன்று. மாமா குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். அன்று உலகம் முழுவதுமே ஒரு மணித்தியாலம் பின்னால் போகிறது என்றே நான் நினைத்திருந்தேன். ஏழையும் திருப்பினேன்.

முந்தின நாள் வரை இரண்டு ஊர்களுக்கும் இடையில் நான்கு மணித்தியாலம். பாகிஸ்தானில் நேரம் மாறுவதில்லை, ஆகவே அன்றிலிருந்து அது ஐந்து. ஆனால் இரண்டு ஊர் மணிக்கூடுகளையும் நான் திருப்பிவிட்டதால் வீட்டில் அன்றும் நான்குதான் காட்டியது. மாமாவுக்கு ஏன் சந்தேகம் வரப்போகிறது? கறுப்பு நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று, பேச்சு முடிந்ததும் எங்களுக்குத் தர ஜிலேபி வாங்கப் போனார்.

சரியாகப் பன்னிரண்டுக்குத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ, இப்பவே வந்திட்டுதோ? லைனை விட்டிடாத! ஏதாவது சொல்லிக்கொண்டிரு, நான் அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று செருப்பும் மாற்றாமல் தெருவில் ஓடினார்.

எனக்குச் சொல்லத் தெரிந்தது எண்கள்தான். தமிழில் ஒன்றிலிருந்து தொடங்கினேன். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோதெல்லாம் மறுமுனையில் இரைச்சல் பெருகியது. இருநூற்றுப் பன்னிரண்டில் லைன் அறுந்தது.

மாமா மூச்சிரைக்க உள்ளே வந்தார். செத்த தொலைபேசியில் நான்கு தடவை ஹலோ சொன்னார். மேலே போய் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு இறங்கினார். நானே சொன்னேன், நான்தான் திருப்பினேன் என்று. அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"உனக்கு என்ன கேட்டது?"

"இரண்டு பேர் பேசினார்கள். ஒரு நாய் குரைத்தது. பிறகு மழை."

"மழையா?"

"பெரிய மழை, மாமா. நீங்கள் பேசியிருந்தாலும் ஒருவருக்கும் கேட்டிருக்காது."

அவர் மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு ஜிலேபிப் பொட்டலத்தை முழுதாக என் கையில் தந்தார். நான் இரண்டைத் தின்றேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று முழுக்க அவருக்கு லைன் கிடைக்கவில்லை. தொகுதி, மேடையில் நேரில் நின்ற ஒருவருக்குப் போயிற்று. மாமா பின்னர் ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறினார். ஆனால் ஒவ்வொரு ஒக்டோபரிலும் நேரம் மாறும் ஞாயிறன்று பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்றாம் படியில் இருப்பார். "என்ன கேட்டது, பேட்டா?" நானும் சொல்வேன்: இரண்டு பேர், ஒரு நாய், மழை. என் குற்றத்தை நினைவூட்டவே வருகிறார் என்று உள்ளுக்குள் கறுவுவேன். எட்டு வருடம் சொன்னேன். ஒன்பதாவது வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. "மறந்துபோச்சு, மாமா" என்றேன். "பரவாயில்லை" என்று எழுந்து போனார். பத்தாவது வருடம் அவர் இல்லை.

போன மாதம் பேத்தியின் நடன நிகழ்ச்சிக்கு, இருமலால் நான் போகவில்லை. மகள் அங்கிருந்து போன் எடுத்து, நான் கேட்கட்டும் என்று உயர்த்திப் பிடித்தாள். சலங்கை நின்றது. ஓவென்று மழை கொட்டியது.

"அங்க மழையோ பிள்ளை?"

"என்ன மழை அப்பா? சனம் கை தட்டுது!"

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். மாமாவின் ஊரில் ஒக்டோபரில் மழையே இல்லை என்பதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவர் அந்தப் படியில் வந்து இருந்தது, தன் ஊர் மக்கள் கைதட்டுவதைக் கேட்க.