அண்ணனின் மூன்று ரேசர்களும் மாமாவின் வெள்ளைத் துண்டும்

“...இனிமே எதுல சரைச்சா என்னம்மா? ரத்தமா வரப்போவுது?” என்றார் மாமா.

அண்ணனைக் குளிப்பாட்டுவதற்காக வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். சவரம் செய்கிறவர் வேறொரு ஊர்ச் சாவுக்குப் போனவர், இன்னும் வந்து சேரவில்லை. பொழுது இறங்குகிறது, நானே இழுத்து விடுகிறேன் என்று மாமா முன்வந்தார். எங்கள் அம்மாவுடன் பிறந்தவர், அப்பா போன பிறகு எங்களுக்குப் பெரியவர் என்றால் அவர்தான். நான் அண்ணனுடைய மூன்று ரேசர்களையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துப்போய், “பித்தளை ரேசர்ல பண்ணுங்க மாமா, அண்ணன் ஆசப்பட்டது அதுதானுங்க” என்றேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். சொல்லிவிட்டு அவர் செய்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் அண்ணனைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் மறைந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துச் சிலர் யார் இது என்று கேட்கக்கூடும். ஸ்டுடியோக்காரர் முகத்து அம்மைத் தழும்புகளை எல்லாம் அழித்துவிட்டார். “சும்மா கொஞ்சம் டச்சிங் பண்ணியிருக்கேங்க்கா, சினிமா ஆளாட்டம் இருக்காரு பாருங்க” என்று பெருமையாகச் சொன்னார். சொந்தங்களே, அண்ணன் அப்படி இருக்கவில்லை. அவருடைய உண்மையான முகத்தைப் படத்தில்தான் தொலைத்துவிட்டோம், எழுத்திலாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு குறைவு. கடையில் பொட்டலம் கட்டித் தரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டியவள். ஆனால் ஒருவர் வாயிலிருந்து விழுந்த வார்த்தை எனக்கு மறக்காது.

அண்ணன் பிறந்தது நல்லம்பள்ளிக்கு மேற்கே, எங்கள் கேழ்வரகுக் கொல்லையை ஒட்டிய வீட்டில். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டது. பிழைக்க மாட்டார் என்று ஊரே முடிவுகட்டியது. இறங்கிய பிறகு பார்த்தால், மழை பெய்து காய்ந்த களிமண்ணில் ஆடு நடந்ததுபோல முகம் முழுக்கப் பள்ளம். அம்மா மட்டும், “மூஞ்சி போனாப் போவுது, எம் புள்ள எனக்கு மிச்சம்” என்று சொல்லி, யார் கேட்டாலும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இருந்தவரை அந்த முகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பா தவறியதும் அண்ணன் படிப்பை விட்டார். புளி ஏற்றும் லாரியில் கிளீனராகப் போய், டிரைவர் ஆனார். தர்மபுரிக்கும் பெங்களூருக்கும் அவர் ஓட்டிய ஓட்டத்தில்தான் அம்மாவுக்கு வைத்தியம் நடந்தது, என்னை அதியமான்கோட்டையில் கட்டிக்கொடுத்ததும் நடந்தது. வழியில் கைகாட்டிய யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. வத்தல்மலை அடிவாரத்தில் சுமையோடு நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு, அவர்கள் வெட்கப்படக் கூடாது என்று வண்டி நிற்கும்வரை அவர்கள் தெரியும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டுவார்.

அவருடைய கஷ்டமெல்லாம் கன்னத்தில் இருந்தது. பள்ளமும் மேடுமான தோலில் கத்தி போனால் மேடு அறுபடும், பள்ளத்தில் முடி நிற்கும். சலூனில் உட்கார்ந்தால் அடுத்தவர்கள் எழுந்து வந்து பார்ப்பார்கள். “நம்மூரு ரோட்டுல பஸ்ஸு வுடறதுக்கும் இவுரு மூஞ்சியில கத்தி வுடறதுக்கும் வித்தியாசமே இல்லீங்க” என்று சலூன்காரர் சொல்ல, பெஞ்சே குலுங்கும். ரத்தம் வரும் இடத்திலெல்லாம் செய்தித்தாளைக் கிள்ளி ஒட்டி அனுப்புவார்கள். சலூனுக்குப் போவதை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு தகர ரேசர் வாங்கி அண்ணன் தானே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். அதுதான் அந்த மூன்றில் முதல் ரேசர். எடையே இல்லாத பொருள். பிளேடை இறுக்கிப் பிடிக்காது, முகத்தில் வைத்ததும் நடுங்கும். சலூனில் கேலி செய்ய ஆட்களாவது இருந்தார்கள், இதில் ரத்தம் மட்டும்தான் இருந்தது.

என் மகனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? அண்ணன் அன்று விடியற்காலையில் அந்தத் தகர ரேசரால் சவரம் செய்துகொண்டு, முகத்தில் காகிதத் துணுக்குகளோடு வந்தார். வாசலிலேயே மாமா பிடித்துக்கொண்டார்.

“என்னடா, இன்னைக்குப் பேப்பரு உன் மூஞ்சியிலயே வந்துருச்சாட்டம் இருக்குது? திரும்பு, மழ பேயுமான்னு பாக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்ததில் ஒரு வெட்டு திறந்துகொண்டது. குழந்தை மடியில் திமிறி அழ, காதைக் குத்தவும், அதன் புதுச் சட்டையில் ரத்தம் சொட்டியது. குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் ஓடினேன். காதில் ஒன்றுமில்லை. ரத்தம் அண்ணனுடையது.

தாம்பூலத் தட்டைக் கையில் வைத்திருந்த மாமா அப்படியே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “குத்துனது மருமவனுக்கு, ரத்தம் மாமனுக்கு! பாத்தீங்களா கூத்த? இவனுக்குத்தான் எம் பொண்ணக் குடுக்கோணுமுன்னு செத்துப்போன எங்கக்கா சொல்லிட்டுப் போயிருக்குது. சரிடா. ஒரு பொட்டு ரத்தம் இல்லாம சவரம் பண்ணிட்டு என் வூட்டுக்கு வா. இந்த வெள்ளத் துண்டுலயே தொடச்சுப் பாப்பேன். சுத்தமா இருந்தா பொண்ணு உனக்கு!”

பந்தலே சிரித்தது. சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் சபையில் ஒரு சொல் சொன்னால், அது நின்றாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளையாட்டுக்குச் சொல்கிறவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார். மாமா வைக்கவில்லை. அண்ணன் அதைப் பார்த்தார், நம்பினார்.

அதன் பிறகுதான் ரேசர் தேடல். தர்மபுரி கடைவீதியில் பழைய சாமான் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். அண்ணனை உட்காரவைத்து, முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “உனக்குப் புதுசு ஆவாதுப்பா. புதுசுக்குப் பொறுமை இல்ல” என்று சொல்லி, ஏற்காட்டுத் துரை வீட்டிலிருந்து வந்த ஒரு ரேசரை எடுத்துக் கொடுத்தார். கைப்பிடியின் அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கும், பிளேடை உள்ளே வைத்து மறுபடி திருகினால் மூடிக்கொள்ளும். “பாத்தியா, பிளேடுக்கே மச்சு வூடு கட்டி வச்சிருக்கான் துரை” என்றார் பாய். அது இரண்டாவது.

மூன்றாவதை அண்ணன் பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நடைபாதையில் விரித்திருந்த சாக்கிலிருந்து எடுத்தார். பட்டாளத்துக்காரர் யாரோ வைத்திருந்தது என்றார்கள். மேல்பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தது. பிளேடுக்குக் கீழே சீப்புபோல் பல். கையில் வைத்தால் படிக்கல் மாதிரி கனம்.

லாரியை அதியமான்கோட்டையில் ஓரங்கட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். சுடுதண்ணீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு ஊறவைப்பார். பிரஷ்ஷால் சோப்பைக் கிண்ணத்தில் அடித்து அடித்துத் தயிர் ஏடுபோல ஆக்குவார். இடது கன்னம் துரை வீட்டு ரேசருக்கு, வலது கன்னம் பித்தளைக்கு. மறுமுறை மாற்றிப் பார்ப்பார். நாக்கால் உள்ளிருந்து கன்னத்தைத் தள்ளி, பள்ளம் மேலே வரும்போது ரேசரை விடுவார். நான் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

“துரை ரேசரு நல்ல புள்ள பாப்பா, வெட்டாது. ஆனா பள்ளத்துக்குள்ள எறங்க மாட்டேங்குது, கௌரவம் பாக்குது” என்பார். “பித்தளை அப்பிடியில்ல. கோவக்காரன். அழுத்துனா அறுத்துருவான். அழுத்தாம, அவன் கனத்துலயே அவன வுட்டுட்டா, பள்ளம் மேடு எல்லாம் அவனே பாத்துக்கறான். கேளு, சத்தத்தக் கேளு.”

சத்தம் கேட்கும். காய்ந்த கேழ்வரகுத் தாளில் காற்று போகிற மாதிரி.

ஆரம்பத்தில் பித்தளையிலும் ரத்தம் வந்தது. கை மறக்க வேண்டியதை மறந்து, கற்க வேண்டியதைக் கற்க மாங்காய்ப் பருவம் வந்து போனது. ஒருநாள் காலை படிகாரத்தைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். எரியவில்லை. வெளுத்த வெள்ளைத் துணி ஒன்றை நானே எடுத்து ஒற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. “பாப்பா, பொண்ணு கெடக்கட்டும். இதுலயே ஒரு சொகம் இருக்குது போ” என்று கன்னத்தைத் தடவித் தடவிச் சிரித்தார். அவ்வளவு பேர் பார்த்துச் சிரித்த முகத்தில் அவர் தாமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து, நாங்கள் இருவரும் மாமா வீட்டுக்குப் போனோம். வாசலில் பந்தல். ஆட்கள் நிறைய. மாமாவுக்கு நாம் வருவது தெரிந்திருக்கிறது பார் என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

மாமா எழுந்து வந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து அண்ணனின் கன்னம், தாடை, கழுத்து எல்லாம் அழுத்தித் துடைத்தார். தோல் சிவக்கும்வரை துடைத்தார். பிறகு துண்டை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார்.

“பாத்துக்கங்க! ஒரு பொட்டு இல்ல! மெய்யாலுமே பண்ணிட்டு வந்துட்டான்யா!”

அண்ணன் தட்டை நீட்டினார்.

“இருடா, இருடா. நல்ல நேரத்துலதான் வந்துருக்கற. உள்ள மாப்ள உக்காந்துருக்காரு, ஓசூருல கம்பெனி வேல. இன்னைக்கு நிச்சயம். மூஞ்சியில ரெண்டு நாளு தாடி. நீதான் இப்பக் கை தேறிட்டியே, போயி இழுத்து வுடு.”

அன்று எழுந்த சிரிப்பை இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். சிலர் சிரித்தும் இருப்பீர்கள். அண்ணன் நீட்டிய தட்டைப் பின்னால் இழுக்கவில்லை. கொண்டுபோய் நிச்சயத் தட்டுகளோடு வரிசையில் வைத்தார். பந்தியில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் போனால் கோபித்துக்கொண்டு போனதாக ஆகிவிடும் என்று இலையில் போட்டதையெல்லாம் சாப்பிட்டார்.

நான் உள்ளே போனேன். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த மாமா மகள் என் கையைப் பிடித்தாள். “உங்கண்ணன் ரேசரத் தேடுன நேரத்துல என்னைய ஒரு வார்த்த கேட்டுருந்தா, பேப்பரு ஒட்டுன மூஞ்சியோடவே சரின்னு சொல்லியிருப்பனுங்க. அவுரு எங்கப்பனுக்குத்தான மூஞ்சியக் காட்டப் பாடுபட்டாரு?” என்றாள். இதை நான் அண்ணனிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குப் பித்தளை ரேசரும் இல்லாமல் போயிருக்கும்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஒருநாள்கூடச் சவரத்தை விடவில்லை. லாரி எங்கே நின்றாலும் பம்ப்செட் ஓரமாகக் கண்ணாடியை மாட்டிவிடுவார். “யாருக்குண்ணே இந்த அலங்காரம், புளி மூட்டைக்கா?” என்று மற்ற டிரைவர்கள் கேட்பார்கள். “ஆமாடா, அதுதான் என்னையப் பாத்துச் சிரிக்காது” என்பாராம்.

பிறகு வயிற்றில் நோய் வந்தது. ரத்தமாக வாந்தி எடுத்தார். தர்மபுரி ஆஸ்பத்திரியில் படுக்கையில் விழுந்தபின் கை நடுங்கியது, ரேசரைப் பிடிக்க முடியவில்லை. தாடி வளர்ந்து பள்ளங்களை எல்லாம் மூடியது. மாமா பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று நன்றாகப் பார்த்துவிட்டு, “அடடா, தாடியில எவ்வளவு லட்சணமா இருக்கறடா! இத முன்னாடியே வச்சிருந்தீன்னா எம் பொண்ணையே குடுத்துருப்பனே” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கு அப்படித்தான் ஆறுதல் சொல்லத் தெரியும்.

மாமா போன பிறகு அண்ணன் தாடியை விரலால் விலக்கிப் பள்ளங்களைத் தேடிப் பார்த்தார். பிறகு, “பாப்பா, நாளைக்கு இதச் சரைச்சு வுட்டுரு. பித்தளையில. நான் நானாவே போயிக்கறேன்” என்றார். அந்த நாளை அவருக்கு விடியவில்லை.

அண்ணனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தம் கொடுத்த டிரைவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம். புளி மண்டிக்காரர் லாரியையே அனுப்பி அண்ணனை வீடு கொண்டுவந்து சேர்த்தார். கடைவீதி பாய் கடையை அடைத்துவிட்டு வந்து, வேலியோரம் நின்று, “நல்ல கைப்பா அவனுக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஓசூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து, அண்ணனின் காலடியில் உட்கார்ந்து அழுத மாமா மகளை நாங்கள் மறக்க மாட்டோம். சோறு போட்டவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. பெரியவராக நின்று எல்லாம் செய்த மாமாவுக்கும் நன்றி சொல்வதுதான் முறை. அவர் செய்ததைச் சொல்லாமல் நன்றி சொன்னால் அது அரைகுறையாகிவிடும்.

ரத்தமா வரப்போகிறது என்று கேட்டாரல்லவா? கேட்டுவிட்டு, தட்டிலிருந்து தகர ரேசரை எடுத்தார். சுடுதண்ணீர் கொண்டுவந்தேன், வேண்டாம் என்றார். சோப்பும் போடவில்லை. வறண்ட தாடியில் தகரம் நடுங்கி நடுங்கிப் போனது. மேடெல்லாம் அறுபட்டு, வெள்ளை வெள்ளையாக வாய் திறந்தது. ரத்தம் வரவில்லை. தோளிலிருந்து துண்டை எடுத்து அண்ணனின் முகத்தைத் துடைத்தார். துண்டை விரித்து, வாசலில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தட்டில் கிடந்த பித்தளை ரேசரை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்து, தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.