கழற்றாத பூட்ஸ்

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் அந்த நிலையம் இருக்கிறது. தெருவில் படுப்பவர்கள் அங்கே வந்து குளிக்கலாம், சாப்பிடலாம். இடமிருந்தால் இரவில் பாய் விரித்துத் தூங்கலாம். நானும் ஒரு காலத்தில் அங்கே குளித்தவன்தான். பிறகு பூச்சோங்கில் ஜாகா வேலை, காவல்காரன் வேலைதான், கிடைத்தது, படுக்க ஓர் அறையும் கிடைத்தது. அதன் பிறகு நிலையத்தை நடத்தும் மேடம் என்னைக் கூப்பிட்டு, மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்ல முடியுமா என்று கேட்டார். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். என்னிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை. தேநீரும் கறிபாப்பும் உண்டு என்றார். சரி என்றேன்.

என்னைப் போல் இன்னொருவரும் வருவார். கிள்ளான் அக்கா. பஸ் நிலையத்தில் பல காலம் படுத்திருந்தவர், இப்போது காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கிறார், இரவில் நிலையத்தில் படுக்கிறார். நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒன்று வைத்திருப்பார்.

ஒரு கூட்டத்தில் செருப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் வீடுகளில் போலவே அங்கேயும் எல்லாரும் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். இந்த ஒரு விதியால் சிலர் வருவதே இல்லை என்றேன்.

"செருப்பு போச்சுன்னா மறுநாள் வேலை போச்சு மேடம். லோரியில ஆள் ஏத்துறவன் முதல்ல காலைத்தான் பாப்பான். கண்ணுக்குத் தெரியாத இடத்துல எவன் விட்டுட்டு வருவான்?"

அக்கா கறிபாப்பைக் கீழே வைத்தார். "அந்தத் தரையிலதான் பொம்பளைங்க தலை வச்சுப் படுக்குறோம். நீங்க பாசார்ல மிதிச்சதை என் மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டாந்து வைப்பீங்களா?"

ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுப்பது என்று முடிவானது. கழற்றிப் பையில் போட்டு, கையோடு மேலே கொண்டுபோகலாம்.

நான் அவ்வளவு தூரம் வாதாடியது ஒருவருக்காக. நான் இந்த நிலையத்துக்கு வருமுன் கிள்ளானில், மூடிக்கிடந்த ஒரு துணிக்கடையின் அஞ்சடியில், கடைமுன் நடைபாதையில், எனக்குப் பக்கத்தில் படுத்தவர் அந்த அங்கிள். முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவர். அங்கே போட்ட கனத்த பூட்ஸைத் தூங்கும்போதும் கழற்ற மாட்டார். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, உள்ளவர். அப்போதும் அங்கேதான் இருந்தார், சில மாதங்களாக ஒரு காலை இழுத்து நடந்தார். நிலையத்துக்குப் புதன்கிழமைகளில் புண், காயம் பார்க்க ஒரு தாதி வருவார். அவர் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். பார்க்காவிட்டால் கால் போய்விடும். அதே அஞ்சடியில் அப்படிக் காலை இழந்த ஒருவரை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய்ப் பையைப் பற்றிச் சொன்னேன்.

"நாளைக்கு வரேன் லா," என்றார்.

வரவில்லை. அடுத்த வாரமும் போனேன். அப்போதும் நாளைக்குத்தான். மூன்றாம் முறை அக்காவையும் அழைத்துப் போனேன். அக்கா அவருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார், காரம் போதுமா என்று கேட்டார், காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் சொன்னார்.

"திருட்டுக்குப் பயந்து இல்ல அவரு கழட்டாதது. கழட்டுனா என்ன வாடை வரும்னு அவருக்குத் தெரியும். கிட்ட உக்காந்தேன், எனக்கே தெரிஞ்சுது. மாடியில அத்தனை பேரு முன்னாடி கழட்டச் சொல்றீங்க."

அடுத்த கூட்டத்தில் நான், அங்கிளை மட்டும் பூட்ஸோடு உள்ளே விடலாம் என்றேன். மேடமும் தலையாட்டினார். அக்கா ஒப்பவில்லை.

"இருக்குறவன் எல்லாம் வெறுங்காலோட இருக்கையில அவரு ஒருத்தர் பூட்ஸோட நடந்தா, எல்லாக் கண்ணும் எங்க போகும்?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். புதன்கிழமை பின்சந்தில் நாற்காலி போட்டு, பேசின்களில் வெந்நீரும் உப்பும் வைத்து, எல்லாருமே கால் கழுவுவது. தாதி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வரட்டும். உப்புத் தண்ணீர் புண்ணுக்கு ஆகுமா என்று மேடம் தாதிக்குப் போன் போட்டுக் கேட்டார். புண் உள்ளவர்கள் காலைத் தண்ணீரில் வைக்கக் கூடாது, தான் வரும்வரை சும்மா உட்காரட்டும் என்று பதில் வந்தது.

அந்தப் புதன்கிழமை, மாடி ஏற வேண்டாம், பின்சந்துதான் என்று சொல்லி நானே அங்கிளை ரயிலில் கூட்டிவந்தேன். பின்சந்துக்கு வந்தவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். மேடம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஒரு பேசினில் கால் வைத்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். என் குதிகால் வெடிப்பைப் பார்த்து அக்கா, "இதுல நெல்லு நடலாம்," என்றார்.

அங்கிள் சிரித்தார். "என்னடா, எல்லாரும் பாதபூஜைக்கு உக்காந்துட்டீங்களா?"

"நீங்களும் உக்காருங்க அங்கிள். அப்புறம் கிண்டல் பண்ணலாம்," என்றேன்.

உட்கார்ந்தார். நல்ல காலின் பூட்ஸ் கழன்றது. மற்றது வரவில்லை. தாதி முன்னால் குந்தி, கத்தரிக்கோலால் மேலிருந்து கீழே வெட்டினார். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. வாடை வந்தது. என் பக்கத்தில் இருந்தவர் சிலாங்கூர் தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை நிறுத்தவில்லை, கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டே இருந்தார். யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

தாதி நிமிர்ந்து, "இன்னைக்கே ஆஸ்பத்திரி," என்றார்.

"அப்புறம் பாக்கலாம் மிஸி."

"அப்புறம்னா முட்டிக்குக் கீழ இருக்காது அங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். மேடம் காரை எடுக்கப் போனார்.

இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நிலையத்துக்கே வந்தார். ஜன்னலோரம் ஒரு பாய் அவருக்கு. கால் கழுவும் புதன்கிழமை இப்போதும் நடக்கிறது. மற்றவர்களுக்கும் பாதத்தில் ஏதாவது இருக்கத்தான் செய்கிறது. நான் பூச்சோங் வேலையை விட்டுவிட்டேன். செமினியில் ஒரு கிடங்கில் ஆள் வேண்டும் என்கிறார்கள். கூட்டத்துக்கு வரும் தூரம் கொஞ்சம் கூடும்.

போன தடவை மாடிக்குப் போனபோது அங்கிள் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில், ஆணியில், பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே அந்த பூட்ஸ். நான் பையைத் தொட்டதும் கண் விழித்தார்.

"வெட்டுன பூட்ஸை எவன் அங்கிள் திருடப் போறான்?"

"ஒன்னுதானே வெட்டினாங்க," என்றார். "இன்னொன்னு நல்லாத்தான் இருக்கு. பையை அங்கேயே வை."